பொய்த்தகவலின் பொருளும் தோற்றமும்: ஓர் இணையப் பாடநெறியின் மதிப்புரை

பொய்த்தகவல் என்னும் சொல் எதைக் குறிக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆறு பாடங்களில் விடை சொல்ல முயல்கிறது இந்த இணையப் பாடநெறி. தமிழ்க் குரலிலும் தமிழ் எழுத்துரையிலும் கிடைக்கும் இதனை நான் இரண்டு முறை முழுமையாகக் கேட்டேன். முதல்முறை கற்பதற்காகக் கேட்டேன். இரண்டாம் முறை, எழுதுவதற்கு முன் என் மதிப்பீடு சரிதானா என்று பார்த்துக்கொள்வதற்காகக் கேட்டேன். ஒன்று, மூன்று, நான்கு ஆகிய பாடங்கள் மிகுந்த உழைப்போடு அமைந்திருக்கின்றன; குறிப்பாக நான்காவது பாடத்துக்காகவே இதில் சேரலாம். இரண்டாவது பாடம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. ஐந்தாவது பாடத்தைத் திருத்தி எழுதியே ஆக வேண்டும்.

நான் இதில் சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் என் அத்தை உறவினர் குழுவில் ஒரு மருத்துவக் குறிப்பைப் பகிர்ந்தார். வெந்நீரை அடிக்கடி குடித்துவந்தால் கிருமி தொண்டையிலேயே அழிந்துவிடும் என்பது அதன் சாரம். அது தவறு என்பது எனக்குத் தெரியும் என்பதால், சற்றும் யோசிக்காமல், "பொய்ப் பிரசாரம் செய்யாதீர்கள்" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிட்டேன். அன்று மாலை அத்தை தொலைபேசியில் அழைத்து, "நான் எப்போதப்பா பொய் சொன்னேன்? நல்லது என்று நினைத்துத்தானே அனுப்பினேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது தவறு; ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் இப்பாடநெறியின் மையப்பொருள் என்பதை அறிமுகக் காணொளியிலேயே உணர்ந்தபோது, சேர்வதற்கு வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

முதல் பாடம் பொருள் விளக்கத்திலிருந்து தொடங்குகிறது. 2017-இல் கிளேர் வார்டில், ஹொசைன் தெரக்‌ஷான் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் ஐரோப்பியப் பேரவைக்காக எழுதிய அறிக்கையில் வகுத்த மூன்று பிரிவுகளை ஆசிரியர் அடிப்படையாகக் கொள்கிறார். உள்ளடக்கம் பொய்யாக இருந்து, பகிர்பவருக்குத் தீங்கு செய்யும் எண்ணம் இல்லாவிட்டால் அது தவறான தகவல். உள்ளடக்கமும் பொய், தீங்கு செய்யும் எண்ணமும் உண்டு என்றால் அது பொய்த்தகவல். உள்ளடக்கம் உண்மையாகவே இருந்தும், ஒருவரைக் கெடுப்பதற்காக அதை வெளியிட்டால் அது தீங்குத்தகவல். அப்படியானால் பொய்த்தகவலை அடையாளம் காண இரண்டு கேள்விகள் தேவை: சொல்லப்பட்டது உண்மையா என்பது ஒன்று; சொன்னவர் அறிந்தே சொன்னாரா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை காணும் வழிகள் பல உள்ளன. இரண்டாவது கேள்விக்கு விடை காண்பது மிகக் கடினம். ஏனெனில் நோக்கம் மனத்துக்குள் இருப்பது, அதைச் செய்தியின் எழுத்தில் மட்டும் தேடினால் அகப்படாது. இந்தக் கருத்தை ஆசிரியர் ஆழமாக விளக்கியிருப்பதே முதல் பாடத்தின் பெருஞ்சிறப்பு.

இதற்கு அவர் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் எம்ஸ் தந்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1870 ஜூலை 13 அன்று, ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மன்னருக்கும் பிரெஞ்சுத் தூதருக்கும் எம்ஸ் நகரில் நடந்த உரையாடலைப் பற்றி ஒரு தந்தி பிரஷ்யாவின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கிடம் வந்து சேர்கிறது. அவர் அதைச் சுருக்கிச் செய்தித்தாள்களுக்குக் கொடுக்கிறார். சுருக்கிய வடிவத்தைப் படித்த பிரெஞ்சுக்காரருக்குத் தம் தூதரை மன்னர் அவமதித்துவிட்டதாகத் தோன்றியது. ஜெர்மானியருக்கோ தம் மன்னரிடம் தூதர் வரம்பு மீறியதாகத் தோன்றியது. ஜூலை 19 அன்று பிரான்சு போர் அறிவித்தது. புனைந்து சேர்த்த சொற்களால் நடந்த வேலை அல்ல இது. வெட்டி எடுத்ததனால் மீதியின் தொனியே மாறிவிட்டது. பொய்த்தகவல் என்றால் முழுக்கப் புனையப்பட்ட செய்தி என்று எண்ணிக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதுமான திருத்தம்.

ஆனால் மூன்று பிரிவுகளையும் ஒரு கட்டத்துக்குள் வரைந்து காட்டும் படம் ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. ஒரு செய்தி ஏதேனும் ஒரு பிரிவில் நிலையாக அமர்ந்திருக்கும் என்பதுபோல் அது தோற்றமளிக்கிறது. நடைமுறையில் அதே செய்தி கைமாறும்போதெல்லாம் பிரிவும் மாறுகிறது. வேண்டுமென்றே ஒருவர் புனைந்ததை, நம்பிய பத்துப் பேர் நல்லெண்ணத்தோடு பகிர்கிறார்கள். முதலில் புனைந்தவரிடம் அது பொய்த்தகவல், பத்துப் பேரிடமும் அது தவறான தகவல். ஆசிரியர் இதை நான்காவது பாடத்தில் அழகாக விளக்குகிறார் என்றாலும், முதல் பாடத்தோடு நிறுத்திவிடுபவர் அரைகுறைப் புரிதலோடுதான் போவார்.

தமிழ்ச் சொற்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பாடநெறியின் எழுத்துரையில் 'தவறான தகவல்' என்ற ஒரே தொடர், இரண்டு வெவ்வேறு கருத்துகளுக்கும் மாறி மாறிப் பயன்படுத்தப்பட்டுள்ளது. நோக்கம்தான் இரண்டையும் பிரிக்கிறது என்று காணொளியில் கூறிவிட்டு, எழுத்துரையில் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் படிப்பவர் எதைப் பற்றிக்கொள்வார்? நம் மொழியில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லாமலும் இல்லை. வதந்திக்குச் சொந்தக்காரர் இல்லை. அது உலவும், பரவும். புரளி அப்படியல்ல, அதை ஒருவர் கிளப்ப வேண்டும். கதை கட்டுவதற்கும் ஆள் வேண்டும், திரிப்பதற்கும் ஆள் வேண்டும். கறுப்பாக வாந்தி எடுத்தான் என்பது வாய்மாறி வாய்மாறிக் காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று ஆன கதையை நாம் எல்லோரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையில் பொய் சொல்லத் திட்டமிட்டவர் ஒருவர்கூட இல்லை. இவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டிருந்தால் முதல் பாடத்தின் பாதிச் சுமை குறைந்திருக்கும். இம்மதிப்புரையில், அறிந்தே பரப்பப்படுவதைப் 'பொய்த்தகவல்' என்றும், அறியாமல் பரவுவதைத் 'தவறான தகவல்' என்றும் எழுதுகிறேன். அடுத்த பதிப்பில் ஆசிரியரும் இவ்வாறு இரண்டு சொற்களை நிலைப்படுத்திக்கொள்வார் என்று நம்புகிறேன்.

இரண்டாவது பாடம் சொல் பிறப்பதற்கு முன்பே செயல் இருந்ததைக் காட்டுகிறது. உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குலகின் ஆட்சியைப் போப்பாண்டவருக்குக் கொடையாக அளித்ததாகச் சொல்லும் ஆவணம் எட்டாம் நூற்றாண்டளவில் புனையப்பட்டது; 1440-இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா, அதில் உள்ள இலத்தீனும் சொற்களும் கான்ஸ்டன்டைன் வாழ்ந்த நான்காம் நூற்றாண்டுக்குரியவை அல்ல என்பதை எடுத்துக்காட்டி அதன் போலித்தன்மையை நிறுவினார். மொழியறிவு மட்டுமே கருவியாகக் கொண்டு ஒரு பெரும் புனைவு வீழ்த்தப்பட்ட வரலாறு இது. இதற்கு நான்கு நிமிடம் மட்டும் ஒதுக்கியிருப்பது வருத்தம் தருகிறது. வல்லா எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எப்படி வாதாடினார் என்று ஒரு பத்தியாவது காட்டியிருக்கலாம்.

அதே பாடத்தில் வரும் 1917-ஆம் ஆண்டுச் செய்தி அதைவிட நன்றாக அமைந்திருக்கிறது. ஜெர்மானியர் போரில் இறந்த தம் வீரர்களின் உடல்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று அவ்வாண்டு ஏப்ரலில் பிரித்தானிய இதழ்கள் எழுதின. மூலத்தில் இருந்த 'கடாவர்' என்ற ஜெர்மன் சொல் பொதுவாக விலங்கின் பிணத்தைக் குறிப்பது. அதை மனித உடல் என்று பெயர்த்ததில் அந்தக் கதை உயிர்பெற்றது. 1925 டிசம்பரில் பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின், அந்தக் குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்ற ஜெர்மானிய மறுப்பை நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். இதன் விளைவு அங்கே முடியவில்லை. அடுத்த உலகப்போரில் நாஜிகளின் உண்மையான படுகொலைகளைப் பற்றிச் செய்தி வந்தபோது, முந்தைய போரின் கட்டுக்கதைகளை நினைவில் வைத்திருந்த பலர் அதையும் அவ்வாறே எண்ணித் தயங்கினார்கள். ஒரு பொய் தன் காலத்தில் செய்த கேட்டைவிட, பின்னால் வந்த உண்மைக்குச் செய்த கேடு பெரிது என்பதை இந்தப் பகுதி நெஞ்சில் தைக்கும்படி சொல்கிறது.

மூன்றாவது பாடம் சொல்லின் பிறப்பைப் பற்றியது. ருஷ்ய மொழியின் 'தெசின்ஃபர்மாத்ஸியா' என்ற சொல்லிலிருந்துதான் உலக மொழிகளில் இன்று வழங்கும் கருத்து பெரிதும் உருப்பெற்றது. 1923-இல் சோவியத் உளவுத்துறையின் துணைத் தலைவராக இருந்த யூசெஃப் உன்ஷ்லிக்ட் இதற்கெனத் தனி அலுவலகம் ஒன்றை அமைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். எதிரியை ஏமாற்றுவது போரைப் போலவே பழமையானது. ஆனால் அதை ஓர் அரசு அலுவலகத்தின் அன்றாடப் பணியாக, கோப்புகளும் ஊழியர்களும் கொண்ட ஒரு துறையாக ஆக்கியது புதியது. 1952-இல் வெளிவந்த சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் தொகுதி, மக்கள் கருத்தைத் திசைதிருப்பும் நோக்கத்தோடு இதழ்களிலும் வானொலியிலும் பொய்ச்செய்தி பரப்புதல் என்று இச்சொல்லுக்குப் பொருள் கூறியது. 1959-இல் சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் வெளிநாட்டுப் பிரிவில் இதற்கெனத் தனித்துறை அமைக்கப்பட்டு இவான் அகயன்ட்ஸ் அதன் தலைவரானார். ஆங்கிலத்தில் 'டிஸ்இன்ஃபர்மேஷன்' பொதுமக்கள் நாவில் பரவலாக வழங்கத் தொடங்கியது 1980-களில்தான்.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுச் சொல்போல் ஒலிக்கும்படி ஸ்டாலினே இப்பெயரைச் சூட்டினார், மேற்கு நாடுகளின் பழக்கம் இது என்று உலகம் நினைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம் என்று பாடத்தில் உறுதியாகக் கூறப்படுகிறது. இது 1978-இல் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்ற ருமேனிய உளவுத்துறை அதிகாரி இயோன் மிகாய் பசெபாவின் கூற்று. தப்பி வந்த ஓர் அதிகாரியின் வாக்குமூலம் என்று அடையாளம் காட்டி அதைச் சொல்வதில் பிழையில்லை. ஐயமற்ற வரலாறாகச் சொல்வது, மூலத்தைச் சோதியுங்கள் என்று கற்பிக்கும் பாடத்துக்கே பொருந்தாது. சுவையான கதை என்பதனாலேயே அது பலரால் எடுத்தாளப்படுகிறது. சுவையான கதைகளிடம்தான் நாம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும் என்று இதே ஆசிரியர் முதல் பாடத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆயினும் அந்தப் பாடத்தின் பிற்பகுதி இக்குறையை ஈடுசெய்துவிடுகிறது. 1964-ஆம் ஆண்டின் கோடையில் செக்கோஸ்லோவாக்கியாவின் பொகீமியப் பகுதியில் உள்ள கரு ஏரியின் அடியிலிருந்து பழைய பெட்டிகள் சில வெளியே எடுக்கப்பட்டன. நாஜிகள் தோல்வியின் தறுவாயில் மறைத்துவைத்த இரகசிய ஆவணங்கள் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பெட்டிகளை ஏரிக்குள் இறக்கியவர்களே செக்கோஸ்லோவாக்கிய உளவுத்துறையினர். மூழ்கிச் சென்று அவற்றை வைத்தவர்களில் ஒருவரான லதிஸ்லாவ் பித்மான், 1968-இல் நாட்டைவிட்டு வெளியேறிய பின் இந்த முழுக்கதையையும் வெளியிட்டார். மேற்கு ஜெர்மனியில் நாஜிக் குற்றங்களுக்கான வழக்குக் காலவரம்பு 1965-இல் முடியவிருந்தது. அது முடியாமல் தடுக்க வேண்டும், மேற்கு ஜெர்மனிக்குத் தலைகுனிவு உண்டாக்க வேண்டும் என்பவை நோக்கங்களில் சில. இதில் நாம் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மக்கள் முன் வைக்கப்பட்ட ஆவணங்கள் பெரும்பாலும் உண்மையானவை. மாஸ்கோவின் காப்பகத்திலிருந்து வந்தவை. அவை கிடைத்த இடம்தான் பொய். உள்ளடக்கத்தை மட்டும் சோதிக்கும் அறிஞர் எவரும் தாளையும் மையையும் பார்த்து இவை மெய்யானவை என்றே சான்று அளிப்பார். மன்னிக்கப்படக் கூடாத குற்றங்களைத் தண்டிப்பதற்கான காலவரம்பு நீள வேண்டும் என்பது நியாயமான வேண்டுகோள்தானே என்ற எண்ணமும் கேட்பவருக்கு எழும். அந்தச் சங்கடத்தை ஆசிரியர் மறைக்காமல் முன்வைத்து, மாணவர்களிடமே கேள்வியாக விட்டிருப்பதை நான் பாராட்டுகிறேன்.

நான்காவது பாடம் முழுவதும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியது. எய்ட்ஸ் நோயை அமெரிக்க இராணுவ ஆய்வகம் உருவாக்கியது என்ற கதை எப்படிப் பிறந்து, எப்படி நடந்து, எப்படி வளர்ந்தது என்பதை ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களில் படிப்படியாகக் காட்டுகிறார்கள். 1983 ஜூலையில், டெல்லியிலிருந்து வெளிவந்த சோவியத் சார்பு நாளிதழான 'பேட்ரியாட்' ஒரு கடிதத்தை வெளியிட்டது. எழுதியவர் பெயர் இல்லை. புகழ்பெற்ற அமெரிக்க அறிவியலாளர் ஒருவர் என்ற குறிப்பு மட்டும் இருந்தது. எய்ட்ஸ் கிருமி மேரிலாந்து மாநிலத்தின் ஃபோர்ட் டெட்ரிக்கில் உருவாக்கப்பட்டது என்று அக்கடிதம் கூறியது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அமைதி. 1985 அக்டோபரில் மாஸ்கோவின் 'லித்தெரத்தூர்னயா கஸேத்தா' அந்தக் கடிதத்தையே சான்றாகக் காட்டி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. வெளிநாட்டு இதழ் ஒன்று முன்னரே எழுதியதைத்தான் நாங்கள் எடுத்துச் சொல்கிறோம் என்ற தோற்றம் இப்படி அமைந்தது.

இதற்குச் சான்றாக ஆசிரியர் காட்டும் ஆவணம் பல்கேரியக் காப்பகத்தில் கிடைத்தது. 1985 செப்டம்பர் 7 தேதியிட்ட அந்தத் தந்தியில், எய்ட்ஸ் தொடர்பாகத் தாங்கள் நடத்திவரும் நடவடிக்கைகளைப் பற்றி பல்கேரிய உளவுத்துறைக்குக் கேஜிபி தெரிவிக்கிறது. மாஸ்கோ இதழின் கட்டுரை வெளிவருவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே எழுதப்பட்டது இது. முதல் பாடத்தில் எழுந்த கேள்விக்கு, அதாவது நோக்கத்தை எப்படி அறிவது என்பதற்கு, இங்கேதான் விடை கிடைக்கிறது. செய்தியைப் பார்த்து நோக்கத்தை ஊகிக்கலாம். நிறுவ வேண்டும் என்றால் திட்டமிட்டவர்களின் கோப்புகள் வேண்டும், உள்ளிருந்து வந்த சாட்சி வேண்டும், அல்லது ஒப்புதல் வேண்டும். இந்த நிகழ்ச்சியில் ஒப்புதலும் வந்தது: ருஷ்ய வெளிநாட்டு உளவுத்துறையின் தலைவராக இருந்த யெவ்கெனி பிரிமகோவ் 1992-இல் சோவியத் உளவுத்துறையின் பங்கை ஏற்றுக்கொண்டார். கதை பிறந்து அதற்குள் ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.

கதை ஏன் எடுபட்டது என்ற பகுதியை ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். ஃபோர்ட் டெட்ரிக் 1969 வரை உண்மையாகவே அமெரிக்காவின் உயிரியல் ஆயுதத் திட்டத்தின் மையமாக இருந்தது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் மேகநோய்க்குச் சிகிச்சை அளிக்காமல் அவர்களைக் கண்காணித்துவந்த ஆய்வு வெளிப்பட்டுப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. ஆகவே கதையின் தளம் உண்மையால் கட்டப்பட்டிருந்தது. மேல்மாடம் மட்டும்தான் பொய். நம்பியவர்களை அறியாதவர்கள் என்று ஆசிரியர் ஓரிடத்திலும் இழிவுபடுத்தவில்லை. அவர்களுக்கு நம்புவதற்குக் காரணம் இருந்தது என்பதை மதிப்போடு சொல்கிறார். என் அத்தையை நான் நடத்திய விதத்தை நினைத்து வெட்கப்பட்டது இந்தப் பகுதியைக் கேட்டபோதுதான்.

கிழக்கு பெர்லினைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உயிர் இயற்பியல் பேராசிரியர் யாக்கப் சேகலின் பங்கு அதைவிடச் சிக்கலானது. இரண்டு கிருமிகளை இணைத்து இந்தக் கிருமி செய்யப்பட்டது என்று அவர் எழுதிய அறிக்கை 1986-இல் ஹராரேயில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டில் வழங்கப்பட்டது. 1987-க்குள் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இக்கதை அச்சேறியிருந்தது. சேகலோ 1995-இல் இறக்கும்வரை தம் கருத்தைக் கைவிடவில்லை. அவர் அதை மனமார நம்பினார் என்றே தோன்றுகிறது. அப்படியானால் அவர் எழுதியது பொய்த்தகவலா, தவறான தகவலா? அவரைப் பயன்படுத்திக்கொண்டவர்களின் கையில் அது பொய்த்தகவல். அவர் கையில் அது தவறான தகவல். முதல் பாடத்தின் கட்டப்படம் இங்கே உடைந்து, கருத்து தெளிவாகிறது. எய்ட்ஸ் கிருமி மத்திய ஆப்பிரிக்காவில் சிம்பன்சியிடமிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மனிதருக்கு வந்துவிட்டது, 1959-இல் கின்ஷாசாவில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரியிலேயே அது இருந்தது என்ற அறிவியல் விளக்கத்தையும் இறுதியில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பொய்யை விரிவாகச் சொல்லிவிட்டு உண்மையைச் சொல்லாமல் விடுவது ஆபத்தானது. அந்தக் கடமையை இப்பாடம் தவறாமல் செய்திருக்கிறது.

இவ்வளவு நல்ல பாடத்தைக் கேட்டபின் ஒரு மனக்குறை எஞ்சுகிறது. நான்கு பாடங்களையும் கேட்டு முடிப்பவர், பொய்த்தகவல் என்பது மாஸ்கோவில் மட்டும் செய்யப்பட்ட பண்டம் என்ற எண்ணத்தோடு எழுந்து போகக்கூடும். சொல்லின் தோற்றம் அங்கே என்பதனால் செயலின் உரிமையும் அங்கே மட்டும் என்று ஆகிவிடாது. 1986 ஆகஸ்டில் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயின்டெக்ஸ்டர், லிபியாவின் தலைவர் கடாபியைக் கலங்கடிப்பதற்காக உண்மை நிகழ்ச்சிகளையும் கற்பனை நிகழ்ச்சிகளையும் கலந்து பரப்பும் திட்டத்தை, இதே சொல்லைப் பயன்படுத்தியே முன்மொழிந்தார். அது அக்டோபரில் 'வாஷிங்டன் போஸ்ட்' இதழில் வெளிவந்தபோது, வெளியுறவுத்துறையின் செய்தித்தொடர்பாளர் பெர்னார்ட் கால்ப் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். இந்த நிகழ்ச்சிக்குப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

அதைவிடப் பெரிய விடுபாடு நிறுவனங்களைப் பற்றியது. 1954 ஜனவரியில் அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் கூட்டாக ஓர் அறிக்கையை வெளியிட்டன. புகைப்பதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு இன்னும் நிறுவப்படவில்லை என்ற எண்ணத்தை ஊட்டுவது அதன் வேலை. 1969-இல் ஒரு சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு, ஐயமே தங்கள் சரக்கு என்று வெளிப்படையாக எழுதியது. நோக்கம் கோப்பில் எழுதப்பட்டு வெளியே வந்த இன்னொரு அரிய சான்று இது. தவிர, பொய்யை நம்பவைக்காமலேயே, எதையும் நம்ப முடியாது என்ற நிலைக்கு மக்களைக் கொண்டுவந்து நிறுத்தும் முறையையும் இது காட்டுகிறது. பொய்த்தகவலின் பொருளைக் கற்பிக்கும் பாடத்தில் இதற்குத் தனி இடம் இருந்திருக்க வேண்டும்.

இனி ஐந்தாவது பாடம். இக்காலச் சமூக ஊடகங்களைப் பற்றிய இப்பாடத்தில் சறுக்கல் நிகழ்வது அதன் முதன்மைச் சான்றிலேயேதான். 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து, உண்மையைவிடப் பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்று கண்டது. பாடத்தில் இது, 'பொய்த்தகவல் உண்மையைவிட வேகமாகப் பரவுகிறது' என்ற தலைப்போடு காட்டப்படுகிறது. அந்த ஆய்வு செய்திகளை உண்மை, பொய் என்ற அளவில்தான் பிரித்தது. பரப்பியவரின் நோக்கத்தை அது அளக்கவே இல்லை. உண்மைச் சரிபார்ப்பு அமைப்புகள் ஏற்கெனவே எடுத்து ஆராய்ந்த செய்திகள் மட்டுமே அதில் அடங்கும் என்பதும் சொல்லப்படவில்லை. நான்கு பாடங்களில் நோக்கம், நோக்கம் என்று வற்புறுத்திவிட்டு, ஐந்தாவதில் அதை மறந்துவிடுவது எனக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்தது. தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களே பொய்யை விரைந்து பரப்பினர் என்ற அதே ஆய்வின் முக்கியமான முடிவு இரண்டு நொடிகளில் கடந்துபோகிறது.

ஆறாவது பாடம் பயிற்சி. பழைய படம் ஒன்றைப் புதிய நிகழ்ச்சிக்குரியதாகக் காட்டும் பதிவுகளைக் கொடுத்து, படம் வைத்துத் தேடி அதன் முதல் வெளியீட்டைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். இதனுடன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் நடத்திய ஆய்வை எளிமையாக விளக்குகிறார்கள். 10 வரலாற்றறிஞர்கள், 10 உண்மைச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்தபோது, சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் தங்கவில்லை. உடனே வெளியேறி, அதை நடத்துபவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தனர். பக்கத்தை உள்ளேயே ஊன்றிப் படித்தவர்களில் வரலாற்றறிஞர்கள்கூட அழகான அமைப்பைப் பார்த்து ஏமாந்தனர். பயிற்சிகளில் முதல் மூன்றும் எளியவை. நான்காவதில், படமும் உண்மை, விளக்க வாசகமும் உண்மை, ஆனால் இரண்டையும் சேர்த்த விதம் மட்டும் தவறு. அதை முடிக்க எனக்கு ஒரு முழு மாலை தேவைப்பட்டது. கரு ஏரியின் பாடத்தைக் கேட்டிராவிட்டால் நான் அதைப் பிடித்திருக்க மாட்டேன்.

தொழில்நுட்பத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஒலி தெளிவாக உள்ளது. எழுத்துரையைப் பதிவிறக்க முடிகிறது. ருஷ்யப் பெயர்கள் பாடத்துக்குப் பாடம் வெவ்வேறு விதமாக எழுதப்பட்டுள்ளதால் தேடுவது சிரமமாகிறது. இறுதித் தேர்வின் வினாக்கள் பெரும்பாலும் ஆண்டுகளையும் பெயர்களையும் கேட்கின்றன. ஒரு செய்தியைக் கொடுத்து, இதில் நோக்கத்தை நிறுவ எந்தச் சான்று வேண்டும் என்று கேட்கும் வினா ஒன்றுதான் இருந்தது. அதைப் போன்றவை இன்னும் ஐந்தாறு இருந்திருந்தால் தேர்வே ஒரு பாடமாக ஆகியிருக்கும்.

ஆசிரியர்களுக்கும், இதழியல் மாணவர்களுக்கும், குடும்பக் குழுக்களில் நாள்தோறும் திருத்திச் சலித்துப்போனவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்கிறேன். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். நான்காவது பாடத்துக்கு மட்டும் என்றால் ஐந்தும் தருவேன். வரிசையை மாற்றிக் கேட்பது நல்லது: முதலில் நான்காவது பாடம், அதன்பின் ஒன்றும் மூன்றும், பிறகு பயிற்சி. ஐந்தாவது பாடத்தைத் திருத்தம் வரும்வரை தள்ளிவைக்கலாம். நான்காவது பாடத்தை என் அத்தையோடு சேர்ந்து மீண்டும் ஒருமுறை கேட்டேன். முடிந்ததும் அவர் சேகலைப் பற்றித்தான் கேட்டார்: "அந்த மனுசன்கிட்ட யாராவது கோபப்படாம பேசிப் பார்த்தாங்களா?"